நான்குமே தண்ணீரில் கரையாது, அப்புறம் எப்படிப் பிரிப்பது?

கேள்வி இதுதான்: "உப்பும் மணலும் என்றால் தண்ணீர் ஊற்றி வடிகட்டிவிடலாம். இரும்புத்தூள், கந்தகத்தூள், சுண்ணாம்புக்கல் தூள், மணல் நான்கையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். எதுவுமே தண்ணீரில் கரையாது. இரும்பைக் காந்தத்தால் எடுத்துவிடலாம், மீதி மூன்றுக்கு என்ன வழி? கரையாத இரண்டு வெள்ளைத் தூள்கள் கலந்துவிட்டால் என்ன செய்வது?"

"கரையாது" என்று சொல்லும்போது அதற்கு முன்னால் இருக்கும் "தண்ணீரில்" என்ற சொல்லை நாம் விழுங்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கந்தகம் தண்ணீரில் கரையாது, சூடான டொலுவீனில் கரையும். சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் காணாமல் போகும். வெள்ளி குளோரைடு அமிலத்துக்கு அசையாது, அம்மோனியாவைக் கண்டால் கரைந்துவிடும். ஆகவே "இது கரையுமா?" என்று கேட்பதில் பயன் குறைவு. "இந்த இரண்டும் எதில் வேறுபடுகின்றன?" என்று கேட்க வேண்டும். காந்தம், அடர்த்தி, துகளின் அளவு, நீர் ஒட்டும் தன்மை, சூட்டில் ஆவியாகும் தன்மை, ஏதோ ஒரு திரவத்தில் கரைதல் என ஏதாவது ஒன்றில் வேறுபட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் அவை இரண்டு பொருள்களே அல்ல.

கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிரித்தபின் அந்தப் பொருள் அதே பொருளாகத் திரும்ப வேண்டுமா? காந்தத்தில் ஒட்டி வந்த இரும்பு இரும்பாகவே வருகிறது. அமிலத்தில் கரைந்த சுண்ணாம்புக்கல் அப்படி வருவதில்லை. அது கால்சியம் குளோரைடாக மாறிவிட்டது. அதை மறுபடி கார்பனேட்டாக்கலாம், ஆனால் அது நீங்கள் போட்ட கல் அல்ல, புதிதாகச் செய்த தூள். எனவே என் வழக்கம், பொருளை மாற்றாத வழிகளை முதலில் தீர்த்துவிட்டு, மாற்றும் வழிகளைக் கடைசியில் வைப்பது. வரிசை குழம்பினால் வேலையும் குழம்பும். உங்கள் நான்கு தூள்களே அதற்குச் சரியான உதாரணம்.

எடுத்த எடுப்பில் அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் கரையும், கூடவே இரும்பும் ஹைட்ரஜன் குமிழிகளோடு கரையத் தொடங்கும். ஒரே கரைசலில் கால்சியமும் இரும்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரிக்கப் போய் இன்னொரு கலவையைச் செய்திருப்பீர்கள். எடுத்த எடுப்பில் சூடாக்கினாலோ அது இன்னும் மோசம். கல்லூரியில் படிக்கும்போது நான் அதைத்தான் செய்தேன். கந்தகம் பதங்கமாகி மேலே போய் ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, இரும்பும் கந்தகமும் கலந்த தூளைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடுகாட்டினேன். ஓரத்தில் சின்னதாக ஒரு செந்தணல் தெரிந்தது. விளக்கை எடுத்துவிட்டேன். தணல் அணையவில்லை, தானாகவே குழாய் முழுக்க நகர்ந்தது. ஆறியபின் கையில் கிடைத்தது காந்தத்துக்கும் சரியாக மசியாத கறுப்புக் கட்டி ஒன்று. இரும்பு சல்பைடு. குழாயை உடைத்துத்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது. கந்தகம் 115 டிகிரி செல்சியஸ் அளவில் உருகி, 445 டிகிரியில் கொதிக்கும் பொருள். கற்பூரத்தையும் நாப்தலினையும் போலப் பிரித்தெடுக்கலாம் என்று நினைத்தது என் தப்பு. இரும்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

சரி, இப்போது முறையாக. ஒவ்வொன்றிலும் 2 கிராம், மொத்தம் 8 கிராம் கலவை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் காந்தம். வெறும் காந்தத்தைத் தூளுக்குள் விடாதீர்கள். ஒட்டிய இரும்புத்தூளைக் காந்தத்திலிருந்து பிய்த்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும். காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, பையின் அடிப்பாகம் இறுக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். கலவையை வெள்ளைத் தாளில் மெல்லிசாகப் பரப்பி, அரை விரற்கடை உயரத்தில் காந்தத்தைக் கொண்டுபோங்கள். இரும்பு துள்ளி எழுந்து பையில் ஒட்டும். வேறொரு தாளின் மேல் கொண்டுபோய்ப் பையிலிருந்து காந்தத்தை உருவினால் இரும்பு மொத்தமும் கொட்டிவிடும். ஒரு தடவை போதாது. கொட்டிய இரும்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், இழைகளுக்கிடையே மஞ்சளாகக் கந்தகம் சிக்கியிருக்கும். கொட்டியதை மறுபடி பரப்பி மறுபடி எடுக்க வேண்டும். மூன்று முறை செய்தால் ஓரளவு சுத்தமாகும்.

இதை நிறுத்துப் பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார்கள், "2 கிராம் போட்டேன், 2.1 கிராம் கிடைத்தது!" என்று. நூற்றுக்கு நூறைத் தாண்டிய மகசூல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தூய்மையைத்தான். அந்த 0.1 கிராம் இரும்பு அல்ல, இரும்போடு ஒட்டி வந்த கந்தகமும் சுண்ணாம்புத் தூளும். லேத் பட்டறையிலிருந்து வாங்கிவந்த இரும்புத்தூள் என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு, அதில் எல்லாம் ஒட்டும். கலவை செய்வதற்கு முன்பே இரும்பை அசிட்டோனில் அலசி உலர்த்திவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். தண்ணீரில் அலசாதீர்கள், மறுநாள் வந்து பார்த்தால் துரு.

அடுத்தது கந்தகம். பழைய புத்தகங்கள் எல்லாம் கார்பன் டைசல்பைடு என்றுதான் சொல்லும். கந்தகத்தை அது கரைப்பதுபோல வேறெதுவும் கரைக்காது என்பது உண்மை. ஆனால் 46 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே தானாகத் தீப்பிடிக்கும். தீயே வேண்டாம், நன்றாகச் சூடேறிய இரும்புத் தகடு போதும். நச்சும் கூட. பள்ளி ஆய்வகத்தில் அதைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. டொலுவீன் போதும். அதுவும் எளிதில் தீப்பிடிக்கும் திரவம்தான், ஆகவே பக்கத்தில் பர்னர், ஸ்பிரிட் விளக்கு எதுவும் எரியக்கூடாது. வேறிடத்தில் சுடவைத்த வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி, அதில் குடுவையை வைத்து, புகைபோக்கி அலமாரிக்குள் செய்ய வேண்டும். மீதமிருக்கும் மூன்று தூள்களோடு 20 மி.லி. டொலுவீன் சேர்த்துக் கலக்கிச் சூடேற்றினால் மஞ்சள் தூள் மெல்ல மறையும். சூடு ஆறுவதற்குள் தெளிந்ததை வடிதாளில் இறுத்துவிட வேண்டும். புனலும் சூடாக இருக்கட்டும், இல்லையென்றால் புனலின் கழுத்திலேயே கந்தகம் படிகமாகி அடைத்துக்கொள்ளும். இன்னும் ஓரிரு தடவை புது டொலுவீன் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள். வடிநீரை ஆறவிட்டால் வெளிர் மஞ்சள் படிகங்கள் இறங்கத் தொடங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் "கந்தகப் பூ" என்று விற்கும் மெல்லிய தூளில் ஒரு பங்கு எந்தக் கரைப்பானிலும் கரையாத வகைக் கந்தகம், அணுக்கள் நீண்ட சங்கிலியாகப் பின்னியது. எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் அது மணலோடு மஞ்சளாக நிற்கும். "என் டொலுவீன் வேலை செய்யவில்லை" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தக் கந்தகம் என்றுதான். குச்சிக் கந்தகத்தை வாங்கிப் பொடித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

டொலுவீன் கையில் இல்லையா? இன்னொரு வழி உண்டு, பார்க்க அழகானது. கந்தகத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல இரண்டு மடங்கு, மூழ்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மெல்லிய தூளைத் தண்ணீர்மேல் தூவிப் பாருங்கள், மிதக்கும். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோலக் கந்தகத்திலும் ஒட்டாது. மணலும் சுண்ணாம்புத் தூளும் உடனே நனைந்து அடியில் போய்விடும். மேலே மிதப்பதைக் கரண்டியால் அள்ளலாம். அப்புறம் அதே பாத்திரத்தில் ஒரே ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விடுங்கள், மிதந்துகொண்டிருந்த மஞ்சள் படலம் சிலுசிலுவென்று சிதறி மூழ்கிவிடும். சுரங்கங்களில் தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பதன் அடிப்படை இந்தக் காட்சிதான். ஆனால் எடைக்கணக்கு கேட்கும் செய்முறைக்கு இதை நம்ப வேண்டாம். அள்ளும்போது கொஞ்சம் மூழ்கும், மூழ்கியதோடு கொஞ்சம் ஒட்டும்.

இப்போது மிச்சம் இருப்பது சுண்ணாம்புக்கல்லும் மணலும். "இவற்றை எடை வித்தியாசத்தை வைத்துத் தண்ணீரில் அரித்துப் பிரிக்க முடியாதா?" என்று கேட்கத் தோன்றும். முடியாது. மணலின், அதாவது குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டுக்கு 2.71. இரண்டும் கைகோத்துக்கொண்டே இறங்கும். அமிலம்தான் வழி. 2 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குக் கணக்குப்படி 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி. போதும், 25 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஊற்றாதீர்கள். இந்த 2 கிராமிலிருந்து கிட்டத்தட்ட அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். சின்ன பீக்கரில் அது பொங்கி, மணலையும் மேசைக்கு இழுத்துக்கொண்டு வரும். சொட்டுச் சொட்டாக விடுங்கள், நுரை அடங்கியபின் அடுத்தது. புதிதாக விட்ட சொட்டுக்கும் குமிழி எழவில்லை என்றால் முடிந்தது. வடிகட்டினால் வடிதாளில் மணல், வடிநீரில் கால்சியம் குளோரைடு. அந்த வடிநீரில் சலவைச் சோடாக் கரைசலை ஊற்றினால் பால்போலக் கலங்கிக் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகத் திரும்ப வரும்.

இந்த இடத்தில் சாக்பீஸைப் பொடித்துப் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். "சாக் என்றால் கால்சியம் கார்பனேட்" என்று புத்தகத்தில் படித்திருப்போம். நம் ஊரில் குடிசைத் தொழிலாக அச்சில் வார்க்கும் கரும்பலகைச் சாக்பீஸ் பெரும்பாலும் பாரிஸ் சாந்தில் செய்தது, அதாவது ஜிப்சம், கால்சியம் சல்பேட். அமிலம் விட்டால் நுரையே வராது. மாணவர் அமிலத்தைக் குறை சொல்வார். கோலமாவுக் கல்மாவும் அப்படித்தான், ஒரு கடையில் வாங்கியது பொங்கும், அடுத்த கடையில் வாங்கியது சும்மா இருக்கும். கிளிஞ்சலையோ முட்டை ஓட்டையோ பொடித்துக்கொண்டால் கார்பனேட் என்று நம்பலாம். இல்லையென்றால் ஒரு சிட்டிகைத் தூளில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கழுவுவதைப் பற்றி ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரித்தெடுத்ததைக் கெடுப்பது பெரும்பாலும் அரைகுறைக் கழுவல்தான். வடிதாளில் இருக்கும் மணல் 1 மி.லி. கரைசலைத் தன்னிடம் பிடித்துவைத்திருக்கிறது என்று வையுங்கள். 30 மி.லி. தண்ணீரை ஒரே தடவை ஊற்றிக் கழுவினால், நன்றாகக் கலந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அழுக்கில் 31இல் ஒரு பங்கு மணலிலேயே தங்கும். அதே 30 மி.லி.யைப் பத்துப் பத்தாக மூன்று தடவை ஊற்றினால், ஒவ்வொரு தடவையும் 11இல் ஒரு பங்காகக் குறைந்து, கடைசியில் தங்குவது 1331இல் ஒரு பங்கு. தண்ணீர் அதே அளவுதான். வாழை இலையைக் கழுவுகிறவர்கள்கூடத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் துடைக்கிறார்கள், ஒரு வாளியை அப்படியே கவிழ்ப்பதில்லை.

அடர்த்தியை வைத்துப் பிரிக்க முடியாது என்றது இந்த ஜோடிக்கு மட்டும்தான். அடர்த்தி நன்றாக வேறுபடும் ஜோடிகளுக்குத் தண்ணீரைவிட மலிவான கருவி கிடையாது. வீட்டில் அரிசியில் கல் அரித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அகலப் பாத்திரத்தில் அரிசியைத் தண்ணீரோடு சுழற்றி, அரிசி எழும்பும் நேரம் பார்த்து இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் அடியில் நாலு கல் மட்டும் கிடக்கும். அதைச் செய்கிற பாட்டி யாரும் அரிசியை நேரே தண்ணீருக்குள் போட மாட்டார். முதலில் முறத்தில் புடைத்து, கொழித்து, கண்ணுக்குத் தெரியும் பெரிய கல்லைப் பொறுக்கிவிட்டுத்தான் அரிப்பார். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், தூற்றுதல், சலித்தல், அரித்தல் என்று திண்மங்களைப் பிரிப்பதற்கே தமிழில் இத்தனை வினைகள் இருக்க, பாடப்புத்தகம் எல்லாவற்றையும் "பிரித்தெடுத்தல்" என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

அந்த வரிசைக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. நீரில் இறங்கும் நுண்துகளின் வேகத்தை ஸ்டோக்ஸ் விதி தருகிறது: அடர்த்தி வேறுபாட்டுக்கு நேர்விகிதம், ஆனால் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். அளவு இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. குவார்ட்ஸையும் அடர்த்தி 4.5 உள்ள பேரைட் என்ற கனிமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீரின் 1ஐக் கழித்தால் 1.65, 3.5. ஒரே அளவுத் துகள்கள் என்றால் பேரைட் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். ஆனால் குவார்ட்ஸ் துகள் ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தாலே போதும், இரண்டும் ஒன்றாக அடியைத் தொடும். ஆகவே முதலில் சல்லடையில் சலித்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் அரிக்க வேண்டும். சலிக்காமல் அரித்துவிட்டு "அடர்த்தி முறை வேலைக்காகாது" என்று எழுதிக் கொடுக்கும் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மணலும் களிமண்ணும் கலந்திருந்தால் இதே விதி நமக்குச் சாதகம். 10 செ.மீ. உயரத் தண்ணீரில் 0.1 மி.மீ. மணல் துகள் ஏறத்தாழ 12 நொடியில் அடிக்குப் போய்விடும். 0.01 மி.மீ. துகளுக்குச் சுமார் 18 நிமிடம். 0.002 மி.மீ. களிமண் துகளுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம். கலக்கிவிட்டு அரை நிமிடம் பொறுத்து மேலே உள்ள கலங்கலை இறுத்துவிட்டால் மணல் தனி, களிமண் தனி. வடிதாளே வேண்டாம்.

இதையெல்லாம் பெரிய அளவில் பார்க்க ஆசை என்றால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியைச் சொல்வேன். அந்தக் கடற்கரை மணல் கரையாத திண்மங்களின் கலவைதான்: கறுப்பு இல்மனைட், சிவப்புக் கார்னெட், ருட்டைல், சிர்கான், சில்லிமனைட், தேன் நிற மோனசைட், இவற்றோடு சாதாரணக் குவார்ட்ஸ். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் விளக்குத் திரிவலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்டது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. நாரோடு ஒட்டிப்போன மணல் இப்படி ஒரு தொழிலையே இங்கே கொண்டுவந்தது. இப்போது அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இந்தக் கனிமங்களைப் பிரிக்கிறது. கேரளத்தின் சவராவிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் இதே மாதிரி மணல் இருக்கிறது.

இந்த ஏழில் எதையும் சாதாரண அமிலத்தில் கரைத்துப் பிரிக்கப் போனால் கட்டுப்படியாகாது. எல்லாம் பௌதிக வித்தியாசம்தான். முதலில் சுருள் வாய்க்காலில் தண்ணீரோடு ஓடவிட்டால் லேசான குவார்ட்ஸ் ஓரம் ஒதுங்கும். கனமானவற்றை நன்றாக உலர்த்தி, மின்னழுத்தம் கொடுத்த உருளையின்மேல் கொட்டினால், மின்கடத்தும் இல்மனைட்டும் ருட்டைலும் உருளையை விட்டுத் தெறித்து விழும், கடத்தாத சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் உருளையோடு ஒட்டிக்கொண்டு போய்ப் பின்னால் விழும். தெறித்த இரண்டில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ருட்டைலை இழுக்காது. ஒட்டிப்போனவற்றில் கார்னெட்டும் மோனசைட்டும் வலிமையான காந்தத்துக்கு மசியும், சிர்கான் மசியாது. சில்லிமனைட்டை நுரையில் மிதக்கவிட்டு எடுப்பார்கள், நம் கந்தகத்தூள் கதைதான். ஒரு காந்தமும் ஒரு மின்னுருளையும் மாறி மாறி வந்தே இத்தனை கனிமங்கள் தனித்தனியாகப் போய்விடுகின்றன. அந்தக் கரைக்குப் போனால் ஒரு நியோடைமியம் காந்தத்தைப் பைக்குள் போட்டு மணல்மேல் இழுத்துப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்துக்கு அசையாத கறுப்பு மணல் இதற்கு எழுந்து வரும்.

இனி உங்கள் இரண்டு வெள்ளைத் தூள்கள். இங்கே கண் உதவாது, காந்தம் உதவாது. சிட்டிகை சிட்டிகையாக எடுத்து முதலில் விசாரணைதான். ஒரு சிட்டிகையில் வெந்நீர், ஒன்றில் நீர்த்த அமிலம், ஒன்றில் சோடியம் ஹைட்ராக்சைடு, ஒன்றில் அம்மோனியா, ஒன்றை உலர்ந்த குழாயில் போட்டுச் சூடு. சூட்டில் மஞ்சளாகி ஆறியதும் வெளுத்தால் துத்தநாக ஆக்சைடு இருக்கலாம். அது காரத்தில் கரையும், கால்சியம் கார்பனேட் கரையாது, ஆகவே அந்த ஜோடி எளிது. இரும்பு ஆக்சைடிலிருந்து அலுமினியம் ஹைட்ராக்சைடைப் பிரிப்பதும் இதே காரத்தால்தான். பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்க கார்ல் யோசெஃப் பேயர் 1880களின் இறுதியில் கொண்டுவந்த முறையின் உயிர்நாடி இது. ஆனால் பாட்டிலில் வரும், உயர்ந்த சூட்டில் சுட்ட அலுமினாவைப் போட்டுக் காரத்தில் கரையவில்லையே என்று தவிக்காதீர்கள். சுட்டது கரையாது, புதிதாக வீழ்படிவான ஹைட்ராக்சைடு நொடியில் கரையும். ஒரே பெயருக்குள் இரண்டு குணம்.

வெள்ளைத் தூள்களைப் பிரிப்பதில் நான் பார்த்த மிக நேர்த்தியான வேலை, பழைய உப்புப் பகுப்பாய்வின் முதல் தொகுதி. ஈய குளோரைடு, வெள்ளி குளோரைடு, மெர்குரஸ் குளோரைடு, மூன்றும் வெள்ளை, மூன்றும் குளிர்நீரில் கரைய மறுப்பவை. வீழ்படிவின் மேல் கொதிநீரை ஊற்றினால் ஈய குளோரைடு மட்டும் இறங்கிவிடும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கரைவது, கொதிநிலையில் 30 கிராமுக்கு மேல் கரையும். வடிநீரைக் குழாயடியில் காட்டி ஆறவைத்தால் வெள்ளை ஊசிகள் மினுமினுவென்று இறங்குவதைப் பார்க்கலாம். மிச்சத்தின்மேல் அம்மோனியாவை விட்டால் வெள்ளி குளோரைடு கரைந்து வடிதாள் வழியே போய்விடும், மெர்குரஸ் குளோரைடு அதே இடத்தில் கறுத்து நிற்கும். வெள்ளி போன வடிநீரில் நைட்ரிக் அமிலம் விட்டால் வெள்ளி குளோரைடு தயிர்போலத் திரும்பும், வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஊதா படியும். அம்மோனியாவில் கரைந்த வெள்ளியை மட்டும் அப்படியே பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். வேலை முடிந்த அன்றே அமிலம் விட்டுக் குளோரைடாக்கிவிட வேண்டும். ஈயமும் பாதரசமும் நச்சு என்பதால் பள்ளிகளில் இந்தச் செய்முறை அருகிவருவது நியாயம்தான், இருந்தாலும் கொஞ்சம் ஏக்கமாகவும் இருக்கிறது.

கடைசியாக, எதற்கும் மசியாத பேரியம் சல்பேட். கால்சியம் கார்பனேட்டோடு கலந்திருந்தால் அமிலம் கார்பனேட்டைக் கொண்டுபோய்விடும், பேரியம் சல்பேட் அப்படியே நிற்கும், வேலை முடிந்தது. வடிதாள் மட்டும் நெருக்கமானதாக இருக்க வேண்டும். வாட்மேன் வடிதாளில் 1ஆம் எண் தாள் வழியாக அந்த நுண்தூள் நழுவும், 42ஆம் எண் தாள் பிடிக்கும். ஈய சல்பேட்டோடு கலந்திருந்தால் சூடான அம்மோனியம் அசிட்டேட் கரைசல் ஈயத்தைக் கொண்டுபோகும். ஆனால் பேரியம் சல்பேட் அமிலத்தில் கரையாத சிலிக்காவோடு கலந்திருந்தால்? நிறைந்த சலவைச் சோடாக் கரைசலில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சல்பேட்தான் கார்பனேட்டைவிடக் கரையாதது, எனவே மாற்றம் விரும்பி நடப்பதல்ல. கரைசலில் கார்பனேட் சல்பேட்டைவிடப் பல பத்து மடங்கு இருந்தால்தான் நடக்கும். அதனால் அரைமணி கொதிக்கவைத்து, தெளிந்ததை இறுத்துவிட்டு, புது சோடாக் கரைசல் ஊற்றி மறுபடி கொதிக்கவைப்போம். இப்படி இரண்டு மூன்று தடவை. நீடித்த கொதியில் காரம் சிலிக்காவையும் லேசாக அரிக்கும், எடைக்கணக்கு வேண்டுமென்றால் அதை நினைவில் வையுங்கள். பேரியம் கார்பனேட்டாக மாறியபின் அமிலத்தில் கரைத்துவிடலாம், சிலிக்கா வடிதாளில் தங்கும்.

இதில் தோற்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். கொதிக்கவைத்தபின் கரைசலோடு வடிதாளில் ஒட்டியிருக்கும் கரைந்த சல்பேட்டைச் சரியாகக் கழுவாமல் அமிலத்தை ஊற்றிவிடுவார்கள். கரைந்த பேரியமும் தங்கியிருந்த சல்பேட்டும் சந்தித்துக் கண்ணெதிரே மறுபடி பேரியம் சல்பேட்டாக விழும், ஒரு மணி நேர உழைப்பு போச்சு. சூடான நீரில், சிறுகச் சிறுக, ஐந்தாறு முறை கழுவுங்கள். கடைசியாக வடிந்த நீரில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் பிடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் புளிப்பாக்கி, ஒரு சொட்டு பேரியம் குளோரைடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கலங்கினால் இன்னொரு தடவை கழுவல். தெளிவாக இருந்தால் அமில பாட்டிலை எடுக்கலாம்.